பத்து மீட்டருக்கு அப்புறம்

அவளுக்கு வார்டில் மிளகாய் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கும் அது தெரியும். "காரமா இருக்கேன்னுதானே சொல்றாங்க, ஊசிப் போயிட்டேன்னு சொல்லலையே" என்று விட்டுவிட்டாள்.

வேலை பிசியோதெரபி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனவர்களை மறுபடி எழுப்பி நடக்க வைப்பது. அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா சுமை தூக்குகிறவர். அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். நாலரை வருஷம் எலும்பையும் தசையையும் நரம்பையும் மனப்பாடம் செய்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

"எங்க, கொஞ்சம் அமுக்கி விடும்மா. எப்படிப் படிச்சிருக்கேன்னு பாப்போம்."

"ஏன் சித்தப்பா, நான் வக்கீலுக்குப் படிச்சிருந்தா ஒரு கொலை பண்ணிட்டு வந்து நின்னிருப்பீங்களா?"

சித்தப்பா காலை இழுத்துக்கொண்டார். இழுத்தபோது முழங்கால் கடக்கென்றது. அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. மறுநாளே அவரைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு மாதம் உட்கார்ந்து எழ வைத்து, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறும்படி செய்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். சித்தப்பா ஊரெல்லாம் போய், "எங்க அண்ணன் பொண்ணு நல்லா கால் புடிப்பா" என்றார். அவருக்கு வாய்த்த நாக்கு அப்படி.

வார்டில் ஏழு வருஷம் ஆயிற்று. மூன்றாவது வருஷம் ஒரு பெயின்டர் இருந்தார். ஏணியில் நிற்கிற தொழில். அவருக்கு இன்னும் ஒரே ஒரு வாரம் கிடைத்திருந்தால் தனியாகப் படி ஏறியிருப்பார். கட்டில் வேண்டுமென்று அனுப்பிவிட்டார்கள். இவள் படியிறங்கி ஓடிப் போய்ச் சண்டை போட்டாள். "அது உங்க முடிவு இல்ல மேடம். பிரிவுத் தலைவர் கையெழுத்து போட்டாச்சு" என்றார் அலுவலகக்காரர், தலையைக் கூடத் தூக்காமல்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தக் கையெழுத்தின் மேல் கண் விழுந்தது. ஒருவரை நடக்க வைக்க அவள் இரண்டு கை போதும். அவர் என்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்ல அந்த நாற்காலி வேண்டும். மாலை நேரத்தில் மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷம், பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் படித்தாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம். இடித்தவனை மிதிக்கக் கால் இருக்கவே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு பழைய தலைவர் வேறு வேலை கிடைத்துப் போனார். அவளைப் பொறுப்புத் தலைவர் ஆக்கினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நிரந்தரப் பதவிக்கு நேர்முகத் தேர்வு. போட்டிக்கு ஒரே ஒருவர், பெரிய தனியார் மருத்துவமனையிலிருந்து வருகிறவர். இரண்டு வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பதாகப் பேச்சு.

மிளகாயிடம் சான்றிதழ் இல்லை, ஆனால் ஒரு வரைபடம் இருந்தது.

அந்த வரைபடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வார்டு வராந்தாவில் தரையில் இரண்டு மஞ்சள் கோடு உண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பத்து மீட்டர். யாரையும் பிடிக்காமல் அந்தப் பத்து மீட்டரை நடந்துவிட்டால் நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே விதி. முன்பெல்லாம் நோயாளி ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குப் போய், மூச்சு வாங்கி, திரும்பி, நடந்து வந்து, கட்டிலில் உட்காருவார். ஆளுக்கு நாற்பது நிமிஷம் பிடிக்கும். மிளகாய் பொறுப்புக்கு வந்த முதல் வாரமே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "போறதும் அதே காலு, வர்றதும் அதே காலு. எதுக்கு ரெண்டு தடவை?" என்றாள். அன்றிலிருந்து நோயாளி நடக்க நடக்கப் பின்னாலேயே சக்கர நாற்காலி வரும். மறு கோட்டைத் தொட்டதும் நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்படியே உட்காருவார், தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

ஒரே நாளில் இரண்டு மடங்கு பேர் நடந்தார்கள். இருபது நாள் கிடந்தவர்கள் பன்னிரண்டு நாளில் வீட்டுக்குப் போனார்கள். மாதம் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று காட்டுகிற வரைபடத்தில் கோடு மலையேறியது. இயக்குநர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அம்மா அதை வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டு, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்தாள். காகிதத்துக்கும் இஸ்திரி போடுகிற ஒரே தாய்.

செவ்வாய்க்கிழமை காலை, நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பஸ் டிரைவர் வந்தார்.

ஐம்பத்திரண்டு வயது, வலப்பக்கம் பக்கவாதம். பதினோரு நாளில் மஞ்சள் கோட்டைத் தாண்டி, வார்டே கைதட்ட வீட்டுக்குப் போனவர். மறுபரிசோதனைக்கு மனைவியோடு வந்திருந்தார். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி.

"வணக்கம் மேடம். வண்டி சர்வீசுக்கு வந்திருக்கு."

"நெத்தியில என்ன?"

"ஒண்ணுமில்ல. முன்பக்கக் கண்ணாடியில சின்னக் கீறல்."

"சின்னக் கீறலாம்!" என்றாள் மனைவி. "பாத்ரூம் குழாயில போய் மோதியிருக்காரு மேடம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வழியெல்லாம் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு வந்தாரு."

"சத்தியம் பண்ணிட்டு இப்படிப் போட்டு உடைக்கிறியே!"

"பண்ணும்போதே மனசுக்குள்ள இல்லைன்னுட்டேன்."

மிளகாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "நடந்துதானே போனீங்க?"

"ஜம்முனு போனேன். போனதுல ஒரு குத்தமும் இல்ல. உள்ள போயாச்சு. எதிர்ல சுவரு. இப்ப வெளிய வரணும். வரணும்னா திரும்பணும். அது எப்படின்னுதான் தெரியல. சரி, ரிவர்ஸ்லயே எடுப்போம்னு பாத்தேன்."

"அரை மணி நேரம் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு மேடம். கூப்பிட்டா மானம் போயிடும் பாருங்க. நான் வேற, உள்ள சத்தம் கேக்குதே, பாடிக்கிட்டே குளிக்கிறாருன்னு நெனச்சேன்."

"பாடல. திட்டிக்கிட்டிருந்தேன்."

"யாரை?"

டிரைவர் மோவாயால் மிளகாயைக் காட்டினார்.

அவள் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். நடக்கச் சொன்னாள். அழகாக நடந்தார், அவளே கற்றுக்கொடுத்த நடை. குதிகால் முதலில், பிறகு விரல். மறு கோட்டைத் தொட்டார், நின்றார். "இப்ப திரும்புங்க" என்று இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் நிம்மதியாக மூச்சை விட்டு, பின்னால் சாய்ந்து, உட்காரப் போனார்.

பின்னால் நாற்காலி இல்லை.

மிளகாய் பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். டிரைவர்தான் முதலில் பேசினார். "பழக்க தோஷம் மேடம். இந்த ஸ்டாப் வந்தா சீட்டு வரும்."

பதினைந்து நிமிஷத்தில் பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இளையவர்கள் மூன்று பேர், கழுத்தில் எப்போதும் அளவுநாடாவோடு திரிகிற, டேப்பு என்று பெயர் வாங்கிய மூத்த பிசியோதெரபிஸ்ட், நாற்காலி தள்ளுகிற சக்கரம் அக்கா. இவள் நடுவில் நின்று ஆடினாள்.

"ஒரு மனுஷனுக்குத் திரும்பத் தெரியல! பலமில்லாத கால் மேல பாரம் போட்டு, சின்னச் சின்னதா ஆறு எட்டு வச்சுத் திரும்பணும். இது மொத வருஷப் பாடம். இதைக்கூடச் சொல்லிக் குடுக்காம வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க. கோடு வந்தா உக்காருன்னு மாட்டைப் பழக்கற மாதிரிப் பழக்கியிருக்கீங்க. யாரு இதை ஆரம்பிச்சது? எனக்குப் பேர் தெரிஞ்சாகணும்!"

இளையவர்கள் தரையைப் பார்த்தார்கள். டேப்பு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். சக்கரம் அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

"நாற்காலியைப் பின்னாடியே தள்ளிட்டு வரச் சொன்னது யாருன்னுதானே கேக்கறே?"

"ஆமா!"

"சொன்னா திட்டக்கூடாது."

"அந்த ஆளைத் திட்டாம இன்னைக்கு நான் சாப்பிடப் போறதில்ல."

"அப்ப ஒரு கண்ணாடி கொண்டாந்து வச்சுக்கிட்டுத் திட்டும்மா. நீதான் சொன்னே. நோட்டீஸ் கூட ஒட்டினியே. கதவுக்குப் பின்னாடி பாரு."

மிளகாய் போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். இருந்தது. 'நேரம் பொன்னானது! நோயாளி மறு கோட்டைத் தொட்டதும் நாற்காலி தயாராக இருக்க வேண்டும்!' கீழே அவள் கையெழுத்து. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் மண்ணை வாரி, லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஒட்டியிருந்தாள்.

"ரெண்டு ஆச்சரியக்குறி வேற" என்றாள் அவளே.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. இளையவர்களில் ஒருத்தி புரையேறி வெளியே ஓடினாள். மிளகாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டீஸில் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். டிரைவர் ஒருவர் மட்டும்தானா?

மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போனவர்கள் முப்பத்தொரு பேர். அன்று மத்தியானமும் மறுநாளும் அவளே எல்லோருக்கும் போன் போட்டாள். இருபத்தாறு பேர் எடுத்தார்கள். பதினொரு பேர் விழுந்திருந்தார்கள். எலும்பு முறியாமல் போனது அவர்கள் நல்ல நேரம், இவள் சாமர்த்தியம் இல்லை. ஒரு தையல்காரர், "கட்டில் மேலதான் விழுந்தேன், அது கணக்குல வராதுல்ல?" என்று கேட்டார். ஒரு அம்மாள் துணி அலமாரியைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டு, மருமகள் கடையிலிருந்து வரும்வரை எல்லாப் புடவையையும் மறுபடி மடித்து வைத்தாளாம். "இத்தனை வருஷத்துல அலமாரி இவ்வளவு ஒழுங்கா இருந்ததே இல்ல" என்றாள் மருமகள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்தான் எல்லோரையும் மிஞ்சினார். "எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லம்மா. நான்தான் திரும்பறதே இல்லையே. முன்வாசல்ல இறங்கி, வீட்டைச் சுத்தி, பின்வாசல் வழியா வந்துடறேன்."

"எத்தனை நாளா?"

"அங்கேருந்து வந்ததுலேருந்து. உங்க வைத்தியமே அப்படித்தான்னு நெனச்சேன்."

மிளகாய் போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்வாசல் இல்லாத வீடாக இருந்திருந்தால் மனிதர் இந்நேரம் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் டேப்பு அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பதினைந்து வருஷ அனுபவம், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். தலைவர் பதவி வேண்டாம், அளந்துகொண்டே காலம் தள்ளுகிறேன் என்று விண்ணப்பமே போடாதவர்.

"வெள்ளிக்கிழமை அந்த வரைபடத்தைக் காட்டப் போறதானே?"

"காட்டுவேன். பக்கத்துலயே பதினொண்ணையும் காட்டுவேன்."

"பைத்தியமா உனக்கு? வெள்ளிக்கிழமை வேலையை வாங்கு. சனிக்கிழமை நோட்டீஸைக் கிழி. திங்கட்கிழமை எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிக் குடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"வேலையைக் குடுக்கறதே அந்தக் கோட்டைப் பாத்துத்தானே சார். அது பொய்க்கோடு."

"என் டேப்பு பொய்யா? ஒவ்வொரு மீட்டரையும் நான் குனிஞ்சு அளந்திருக்கேன்."

"அளந்தது சரி சார். நான் அளக்கச் சொன்னதுதான் தப்பு."

அவர் நாடாவைச் சுருட்டினார். "அந்தச் சான்றிதழ்காரன் வந்தா என்ன ஆகும் தெரியுமா? எட்டு நாள்ல அனுப்புவான். நீ தப்பைச் சொல்லிட்டு நல்லவளாப் போயிடுவே. அந்த நாற்காலி அவனுக்குப் போயிடும். அப்புறம் அந்தப் பதினொரு பேர் இருபதாவாங்க. யோசிச்சுக்கோ."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. அவளுக்குப் பதவி ஆசை இல்லாமல் இல்லை. கொள்ளை கொள்ளையாக இருந்தது. தலைவர் அறைக் கதவில் தன் பெயர்ப்பலகை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றுகூடக் கண்ணால் அளந்து வைத்திருந்தாள். வியாழக்கிழமை முழுக்க அந்த வார்த்தை அவளோடு கூடவே நடந்தது. நல்லதுக்காக மூன்று நாள் வாயை மூடிக்கொள்வது பாவமா என்று தன்னையே கேட்டாள். பதில் வருகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் குழாயோடு மோதிய நெற்றி எதிரே வந்து நின்றது.

வீட்டில் சொன்னபோது அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டாள்.

"தெரு பூரா சொல்லிட்டேன்டி! எம்பொண்ணு தலைவர் ஆயிட்டான்னு."

"ஆன பிறகு சொல்லியிருக்கலாம்ல?"

"ஆன பிறகு எல்லாருக்கும்தான் தெரியுமே, அதுல எனக்கு என்ன பெருமை? ஏன்டி, வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கிட்டிருந்தா உனக்கு என்ன, பல்லு வலிக்குமா?"

அப்பா செருப்பைத் துடைத்துக்கொண்டே, "வாயை மூடற பழக்கம் நம்ம வீட்ல யாருகிட்ட இருக்கு, அவ கத்துக்க?" என்றார். அம்மா அவரை முறைத்தாள். ஆனால் மகள் நேர்முகத்துக்குப் போடும் சட்டைக்கு மட்டும் கத்தி மாதிரி மடிப்பு வைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இயக்குநர், கண்ணாடி போட்ட குண்டு மனிதர். இடப்பக்கம் நிதி அதிகாரி, எதையும் எழுதிக்கொண்டே கேட்கிற அம்மாள். வலப்பக்கம் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேராசிரியர், முகத்தில் ஈ ஆடாதவர்.

"அருமையான வரைபடம்" என்றார் இயக்குநர். "எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"நோயாளிங்க திரும்பறதை நிறுத்திட்டேன் சார். அதான் ரகசியம்."

மூன்று பேருக்கும் புரியவில்லை. அவள் பையிலிருந்து ஒரு நீளக் கால்பட்டையை எடுத்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டினால் முழங்கால் மடங்காமல் மரக்கட்டை ஆகிவிடும், அடிபட்ட காலுக்குப் போடுகிற சாமான். "யாராவது ஒருத்தர் ரெண்டு நிமிஷம் தர முடியுமா?"

இயக்குநருக்கு இப்படிப்பட்ட விஷயத்தில் உற்சாகம் உண்டு. எழுந்து வந்து காலை நீட்டினார். கட்டினாள். அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் சொன்னாள். காலை வீசி வீசி நடந்து போனார். "சுலபமாத்தான் இருக்கே!"

"தேறிட்டீங்க சார். இனிமே நீங்க வீட்டுக்குப் போகலாம்னு எங்க ரூல் சொல்லுது. அந்தக் கதவைத் திறந்து உள்ள போங்க. உங்க வீட்டு பாத்ரூம்னு வச்சுக்குங்க. போய்ட்டு, ஒண்ணையும் பிடிக்காம திரும்பி வெளிய வாங்க."

அது அறையோடு ஒட்டிய சின்னக் கழிவறை. இயக்குநர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு வாளி உருண்டது. பிறகு, "ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தது. பிறகு ஏதோ துணி கிழிகிற சத்தம். மிளகாய் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு, சுவரைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். நிதி அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அவரை உட்கார வைத்துவிட்டு மிளகாய் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி, நோட்டீஸ், முப்பத்தொன்று, இருபத்தாறு, பதினொன்று. தபால்காரரையும் சொன்னாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "இது முதல் வருஷ மாணவி செய்யற தப்பு."

"முதல் வருஷ மாணவிக்கு இதுக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்திருக்க மாட்டாங்க சார்."

இயக்குநர் தன் முழங்காலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப," என்றாள் நிதி அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு வேலை குடுத்தா இந்த எண்ணிக்கை என்ன ஆகும்?"

"பாதியாகும் மேடம்."

"வேற ஒருத்தருக்குக் குடுத்தா?"

"அவங்ககிட்டயும் பாதிதான் நிஜமா நடப்பாங்க. ஆனா உங்களுக்கு வர்ற பேப்பர்ல முழுசா இருக்கும்."

"கட்டில் பத்தலையே. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"நடக்கத் தெரிஞ்சு திரும்பத் தெரியாதவங்களுக்குக் கட்டில் எதுக்கு? பகல்ல வந்து கத்துக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகட்டும். பயிற்சிக்கூடம் மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து சும்மாதான் கிடக்கு. ஆனா வீட்ல புடிச்சுக்க ஆள் இருக்கணும். ஆள் இல்லாதவங்க கத்துக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க, அதுல பேரம் கிடையாது. இனிமே மஞ்சள் கோடு மட்டும் ரூல் இல்ல. கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து உக்காரணும். அதுதான் ரூல். வீட்ல என்ன ஆகுதுன்னு முன்னாடி இருந்தவங்க எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க, நானும் பாக்கல. பாத்துட்டேன், இனிமே பாக்காத மாதிரி இருக்க எனக்கு வராது."

பேராசிரியர் ஏதோ எழுதினார். "உங்க பேச்சு கொஞ்சம் காரம்" என்றார்.

"வார்டுல பேரே அதான் சார்."

வெளியே பெஞ்சியில் வெளிநாட்டுச் சான்றிதழ்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் தடியான கோப்பு. "உள்ள ஏதோ உடையற சத்தம் கேட்டுச்சே?" என்றார் கவலையாக. "பயப்படாதீங்க, இயக்குநர்தான்" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு வந்தாள்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். நினைத்தபடியே ஒரு நோயாளிக்குக் கால் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு இயக்குநர் நேரிலேயே வந்தார். கொஞ்சம் நொண்டினார்.

"ஆறு மாசம் சோதனைக் காலம். எண்ணிக்கையைப் பத்தி நிதிப் பிரிவு மாசாமாசம் கேள்வி கேக்கும். கூடுதல் ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. சம்மதமா?"

"சோதனைக் காலமா? ஏழு வருஷமா இங்கதானே..."

"அம்மா, என்னால இன்னும் சரியா உக்கார முடியல."

"சம்மதம் சார்."

அவர் தாளை நீட்டினார். டேப்பு எட்டிப் பார்த்தார், நாடாவால் ஒரு மாலை போட்டார். சக்கரம் அக்கா விசில் அடித்தாள். அந்த வயதில், அந்தச் சத்தத்தில், யாரும் எதிர்பார்க்கவில்லை. மிளகாய் தாளை இரண்டு தடவை வாசித்தாள். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு டிஸ்சார்ஜ் எத்தனை?" என்று கேட்டாள்.

"நாலு" என்றாள் இளையவள். "திங்கட்கிழமையே கையெழுத்தானவங்க. கீழ இறங்கிட்டாங்க. வண்டிக்கு நிக்கறாங்க."

"யாராவது திரும்புவாங்களா?"

இளையவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நிறுத்து எல்லாத்தையும்."

'பொறுப்பு' என்ற ஒட்டு இல்லாமல் அவள் போட்ட முதல் தலைவர் கையெழுத்து, நாலு பேர் வீட்டுக்குப் போவதை ரத்து செய்த கையெழுத்து. கீழே வரவேற்புக் கூடத்தில் ரகளை ஆரம்பித்துவிட்டது. ஒருவரின் மகன் ஆட்டோவைக் கூப்பிட்டாயிற்று என்றான். ஒரு கிழவி இனி ஒரு வேளைகூட இந்த ஆஸ்பத்திரி இட்லியைத் தின்னமாட்டேன் என்று சபதம் செய்தாள். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் கணக்கு வாத்தியார். நாற்பது வருஷம் வகுப்பறையில் கத்திப் பழகிய குரல். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலடியில் மூன்று பை.

"பத்து மீட்டர் நடந்தாச்சு! நீங்கதானே கைதட்டினீங்க? இப்ப இல்லைன்னா என்ன அர்த்தம்? பாஸ் பண்ணவனைக் கூப்பிட்டு ஃபெயில்னு சொல்லுவாங்களா?"

"கேள்வித்தாள் தப்பு சார். பரீட்சை எழுத வச்சவ தப்பு. மறுபடி எழுதணும்."

"அதெல்லாம் உங்ககிட்ட பேச முடியாது. உங்களுக்கு மேல யாரு? இந்தப் பிரிவுக்குத் தலைவர் யாரு? அவரைக் கூப்பிடுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கறேன்!"

மிளகாய் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் சார். பேசுவோம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவோம். உங்களுக்குப் பின்னாடி நாலு எட்டுல நாற்காலி இருக்கு. திரும்பிப் போய் உக்காருங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். மெதுவாகக் கழுத்தை மட்டும் திருப்பி நாற்காலியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கமா திரும்பறது?" என்றார், குரலை இறக்கி.